ஏழு வருடம் பீரோவில் இருந்த கோட்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் நடுவில் ஒரு திங்கட்கிழமை. தையற்கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் ஒரு அம்மா உள்ளே வந்தார். கையில் டிரை கிளீனிங் கடையின் பிளாஸ்டிக் உறை, அதற்குள் நேவி ப்ளூ கோட்டும் பேன்ட்டும். உறையைப் பிரிக்கும் முன்பே வாடை வந்துவிட்டது. அந்துருண்டையும் பூசணமும் கலந்த வாடை.

"மாஸ்டர், நீங்க தெச்சதுதான். பெரியவன் ரிசப்ஷனுக்கு. ஒரு நாள் கூட வெளிய போட்டு வெச்சதில்ல. இப்பப் பாருங்க" என்று மேசைமேல் விரித்தார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

ஐந்து வாரத்தில் சின்னவனுக்கு நிச்சயதார்த்தம். பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியவன் அன்றைக்கு இதே கோட்டைத்தான் போட்டுக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்காக பீரோவைத் திறந்தவர், அப்படியே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

எங்கள் கடையில் அளவு நோட்டை எறிவதில்லை. 2017 ஆகஸ்ட் பக்கத்தைத் தேடி எடுத்தேன். மாப்பிள்ளையின் அளவுகளுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத் துண்டுத் துணி பின் அடித்து இருந்தது. துணிக் கரையில் அச்சடித்திருந்த விவரத்தையும் அப்போதே எழுதி வைத்திருந்தேன்: 55 சதவீதம் பாலியெஸ்டர், 45 சதவீதம் கம்பளி. நம் ஊரில் டெரி வுல் என்று சொல்லிக் கேட்கிறார்களே, அது. மார்புப் பகுதிக்குள் விறைப்புக்கான கேன்வாஸ் துணி, முன்பக்கம் முழுக்க ஃபியூசிங் என்ற ஒட்டு உள்துணி, உள்ளே பாலியெஸ்டர் லைனிங்.

அந்தத் துண்டை மேசையில் கிடந்த கோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். துண்டு நேற்று வெட்டியது போல இருந்தது. அதே துணிச் சுருளிலிருந்து வெட்டிய கோட்டு இருபது வருடம் தினமும் போட்டது போல இருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டு எண்ணிப் பார்த்தேன். ஏழு வருடத்தில் ஐந்தே முறைதான் போட்டிருக்கிறார்கள். முதலில் ரிசப்ஷன். அடுத்த வருடம் நண்பர் வீட்டுக் கல்யாணம். 2019இல் ஆபீஸ் விழா. நடுவில் கொரோனாவில் இரண்டு வருடம் பீரோவோடு சரி. பிறகு 2022இல் ஒரு முறை, 2023 அக்டோபர் கடைசியில் ஒரு முறை. எல்லாம் சேர்த்தால் முப்பது மணி நேரம் உடம்பில் இருந்திருந்தால் அதிகம்.

இந்த ஒரு கணக்குக்காகத்தான் இதை எழுதுகிறேன். தைத்த கோட்டு சூட்டு போட்டுத் தேய்ந்து நான் பார்த்தது குறைவு. வைத்திருந்து கெட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அக்கறையில்லாத வீடுகளில் மட்டும் இது நடப்பதில்லை. இந்த அம்மா அளவுக்குப் பார்த்துப் பார்த்து வைத்தவர்கள் வீட்டிலும் நடக்கிறது. ஏனென்றால் பட்டுப் புடவைக்கும் வெள்ளை வேட்டிக்கும் பழகிய கையோடு கோட்டைப் பார்த்துக்கொள்கிறோம். கோட்டுக்கு என்ன வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. 2017இல் டெலிவரி கொடுத்தபோது நானும் சொல்லவில்லை. அந்தப் பங்கு என்னுடையது.

மேசைமேல் கண்டது

டியூப்லைட்டை அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கோட்டைப் பகல் வெளிச்சத்தில், சாய்த்துப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். நேராகப் பிடித்தால் பாதி தெரியாது.

காலரின் அடிப்பக்கம், இரண்டு அக்குள், பேன்ட்டின் இடுப்புப் பட்டை. இந்த இடங்களில் சாம்பல் தூவியது போலப் பூசணம் பூத்திருந்தது. முதுகில் இல்லை, கையின் கீழ்ப்பாதியில் இல்லை. வியர்வை பட்ட இடத்தை மட்டும் தேடிப் பிடித்திருந்தது. இடது லேப்பலுக்கு, அதாவது காலரிலிருந்து மார்பில் மடிந்து இறங்கும் பகுதிக்கு, கீழே மொச்சைக் கொட்டை அளவில் ஒரு பழுப்புக் கறை. வலது மணிக்கட்டு ஓரத்தில் சந்தனம் காய்ந்த மஞ்சள்.

தோள் இரண்டிலும் கை ஆரம்பிக்கும் இடத்தில் சின்னக் கொம்பு முளைத்தது போல ஒரு புடைப்பு. அது கம்பி ஹேங்கரின் முனை ஏழு வருடம் குத்தி நின்ற இடம். லேப்பல் ஓரம், பாக்கெட் மூடி, பேன்ட்டின் உட்காரும் பகுதி ஆகியவை எண்ணெய் தடவியது போலப் பளபளத்தன. வலது பாக்கெட்டுக்கு மேலே சாய்த்துப் பார்த்தால் அப்பளம் பொரியத் தொடங்கும்போது எழுமே, அப்படிச் சின்னச் சின்னக் குமிழ்கள்.

பேன்ட்டைத் தலைகீழாகப் பிடித்து கால் மடிப்பைப் பிரித்தேன். அங்கேதான் அது இருந்தது. வெள்ளரி விதை மாதிரி தட்டையான சாம்பல் நிறக் கூடு. நம் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்ல நகருமே, சின்ன வயதில் எல்லோரும் குச்சியால் தட்டிவிட்ட அதே கூடு. உள்ளே இருப்பது அந்துப்பூச்சி வகையைச் சேர்ந்த ஒரு புழு. கூட்டின் வாய் ஓரத்தில் நேவி ப்ளூ தூசு ஒட்டியிருந்தது. அதைத் தின்ற இடமும் கிடைத்தது: பின்தொடைப் பக்கம் பருப்பு அளவில் இரண்டு ஓட்டை.

"அந்துருண்டை போட்டிருந்தேனே மாஸ்டர், ஒண்ணுக்கு நாலா போட்டிருந்தேனே" என்றார் அந்த அம்மா.

எப்படி இந்த நிலைக்கு வந்தது

அவர் செய்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார். போட்டு வந்த மறுநாளே டிரை கிளீனிங். ஐந்து முறை போட்டதற்கு ஐந்து. நடுவில் 'சும்மா தொங்குதே, பழசாயிடப் போகுது' என்று இரண்டு. ஆக ஏழு. திரும்பி வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல், அவர்கள் கொடுத்த கம்பி ஹேங்கரோடு அப்படியே இரும்பு பீரோவில். உறையின் கீழ் வாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பீரோவின் அடித்தட்டில் அந்துருண்டை. போடுவதற்கு முதல் நாள் தெருமுனையில் இஸ்திரி.

ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தில் செய்தது. ஒவ்வொன்றும் ஒரு காயம்.

டிரை கிளீனிங் என்ற பெயரில் 'டிரை' இருந்தாலும் அது உலர்ந்த வேலை இல்லை. தண்ணீருக்குப் பதில் ஒரு கரைப்பான் திரவத்தில் துணியை முக்கிச் சுழற்றுகிறார்கள். பெரிய கடைகளில் பெர்குளோரோஎத்திலீன், பல கடைகளில் பெட்ரோலிய வகைக் கரைப்பான். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் வியர்வையில் இருப்பது உப்பு, பாயசத்திலும் குளிர்பானத்திலும் இருப்பது சர்க்கரை. இரண்டும் தண்ணீரில் கரைபவை, கரைப்பானுக்கு மசியாதவை. கறை எங்கே, எதனால் என்று நாம் சொன்னால் முதலில் அந்த இடத்தைத் தனியாகக் கவனித்துவிட்டு மெஷினில் போடுவார்கள். சொல்லாவிட்டால் கறை அப்படியே உள்ளே போய், அப்படியே வெளியே வரும்.

லேப்பலுக்குக் கீழே இருந்த பழுப்புக் கறை அப்படிப்பட்டதுதான். ரிசப்ஷன் மேடையில் யாரோ கொடுத்த ஜூஸ் சிந்தியிருக்கிறது. அன்றைக்கு ஈரம் காய்ந்ததும் ஒன்றும் தெரிந்திருக்காது. சர்க்கரைக் கறை காயும்போது கண்ணுக்கு மறைந்துவிடும். பிறகு சூடு பட்டாலோ, மாதங்கள் போனாலோ, பாகு முறுகுவது போல நிறம் ஏறும். இஸ்திரிப் பெட்டி பட்டதும் அது வெளியே வந்திருக்கிறது.

ஏழு முறை கரைப்பானும், ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் வரும் நீராவி அழுத்தமும் ஃபியூசிங்கைப் பிடித்துத் தளர்த்தியிருக்கின்றன. ஃபியூசிங் என்பது பின்புறம் பசைப் புள்ளிகள் உள்ள உள்துணி. சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தப் புள்ளிகள் உருகி மேல்துணியோடு ஒட்டுகின்றன. கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்பதற்கு அதுதான் காரணம். புள்ளிகள் சில இடத்தில் விட்டுவிட்டால் மேல்துணி தனியாக எழும்பும். அதுதான் அப்பளக் குமிழ். முழுக்க கேன்வாஸ் வைத்து கையால் தைத்த கோட்டில் பசையே கிடையாது, அதனால் இந்தத் தொல்லையும் கிடையாது. ஆனால் அதன் கூலி வேறு. பத்து வாடிக்கையாளரில் ஒருவர்கூட அதற்கு வருவதில்லை.

இனி பீரோவுக்கு வருகிறேன். இந்தக் கதையின் கனமான பகுதி அதுதான்.

கம்பளி என்பது ஆட்டின் முடி. நம் தலைமுடி ஈரக்காற்றில் எப்படி மாறுகிறதோ, அதுவும் அப்படித்தான். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தைக் குடித்துவிட்டு, தொட்டால் நனைந்ததாகவே தெரியாமல் இருக்கும். காற்று உலர்ந்தால் குடித்ததை வெளியே விடும். இப்படி வாங்குவதும் விடுவதும்தான் அதன் இயல்பு. பிளாஸ்டிக் உறை அந்த வழியை அடைத்துவிடுகிறது. டிரை கிளீனிங் கடைக்காரர் உறை போடுவது வீடு போய்ச் சேரும் வரை தூசு படாமல் இருக்கத்தான். வீட்டு வாசலோடு அதன் வேலை முடிந்தது.

இவர்கள் வீடு வேளச்சேரியில், தரைத்தளம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்ததால் பீரோவுக்குள் தண்ணீர் போகவில்லை. மூன்று நாள் கரன்ட் இல்லை. சுவர் காய ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. "ஈரக்காத்து உள்ள போயிடக் கூடாதுன்னு பீரோவ இறுக்கிப் பூட்டிட்டேன் மாஸ்டர்" என்றார். அந்த பீரோ, ஊறிய சுவரை ஒட்டி நின்றிருக்கிறது. உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியில்லை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றாலே பூசணத்துக்குப் போதும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை நாட்களில் காலை ஈரப்பதம் 80 சதவீதத்தை சாதாரணமாகத் தாண்டும். தின்ன வியர்வை அழுக்கு, குடிக்க ஈரம், கலைக்க ஆளில்லாத இருட்டு. மூன்று மாதம் அது தன் பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது.

அந்துருண்டை ஏன் காப்பாற்றவில்லை? நாஃப்தலின் திடநிலையிலிருந்து நேரே ஆவியாகும் பொருள். அந்த ஆவி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் கனமானது, கீழே இறங்கும். இவர் உருண்டையை அடித்தட்டில் வைத்தார், துணி மேலே தொங்கியது. போதாததற்கு வாய் கட்டிய உறை. ஆவி பீரோவின் அடியில் தங்கியது, கசிந்த வாடை மட்டும் துணியில் ஏறியது. பூச்சியோ, முட்டையோ எப்போது துணியோடு உள்ளே வந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்துப்பூச்சி துணியைத் தின்பதாகத்தான் நாம் சொல்கிறோம். பறக்கும் பூச்சி தின்பதில்லை. அதன் புழுதான் தின்கிறது. வெறும் கம்பளியைவிட வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் ஏறிய கம்பளி அதற்கு உசத்தி. முடி, கம்பளி, பட்டு ஆகியவற்றில் உள்ள புரதம்தான் அதன் உணவு. பாலியெஸ்டர் கலந்திருந்தால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். கம்பளிக்காகக் கடிக்கும்போது பக்கத்து இழையும் அறுபடும்.

பளபளப்புக்கு வருவோம். தெருமுனையில் கரிப் பெட்டி வைத்துத் தேய்க்கும் அண்ணன்மார்களின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு பருத்தி வேட்டியை அவர்கள் தேய்க்கும் அழகு எனக்கு வராது. ஆனால் பருத்தி 200 டிகிரி வரை தாங்கும். கம்பளிக்கு 150 டிகிரிதான் எல்லை. மின்சாரப் பெட்டியில் மூன்று புள்ளி பருத்திக்கு, இரண்டு புள்ளி கம்பளிக்கு. கரிப் பெட்டியில் புள்ளி ஏது? சூடு ஏறிய பெட்டியை நேரே கோட்டின் மேல் வைத்து அழுத்தினால் கம்பளி இழை நசுங்கிப் படுத்துவிடும், பாலியெஸ்டர் இழை இளகித் தட்டையாகிவிடும். படுத்த கம்பளியை எழுப்பலாம். தட்டையான பாலியெஸ்டரை எழுப்ப முடியாது.

ஐந்து வாரத்தில் செய்தது

அந்த அம்மா முதலில் கேட்டது, "நல்ல டிரை கிளீனிங்கா பாத்துக் குடுத்திரட்டுமா?" வேண்டாம் என்றேன். பூசணம் ஈரமாக இருக்கும்போது எதைச் செய்தாலும் அது இழைக்குள் இன்னும் இறங்கும். முதலில் காய வேண்டும்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், அகலமான மர ஹேங்கரில் இரண்டு நாள் காற்றாட விட்டேன். லைனிங் வெளியே வரும்படி திருப்பி, காலை வெயிலில் ஒரு மணி நேரம். அதற்கு மேல் வெயில் காட்டினால் நேவி ப்ளூ செம்பட்டையாகிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு வாயில் துணி கட்டிக்கொண்டு, மென்மையான முடி பிரஷ்ஷால், காற்று வீசும் திசையில் தள்ளினேன். பூசணப் பொடி மூச்சில் போனால் இருமல் பிடிக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. காலரைத் தூக்கி, பாக்கெட்டை வெளியே இழுத்து, பேன்ட் மடிப்பைப் பிரித்து, ஒவ்வொரு தையல் ஓரமாக. பாக்கெட் அடியில் உருண்டு திரண்டிருக்கும் பஞ்சுத் தூசிதான் புழுவுக்குத் தொட்டில், அதை விட்டுவிடக் கூடாது.

பேன்ட்டைக் காற்றுப் போகாத பையில் போட்டு இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் இருந்தால் புழுவும் முட்டையும் சாகும். பையைப் பிரிப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க வெளியே வைத்து அறைச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த துணிமேல் நீர் கோத்துக்கொள்ளும். கோட்டு ஃப்ரீசரில் அடங்கவில்லை. அதன் தையல் ஓரங்கள் முழுக்க ஈரத்துணி வைத்து ஆவி காட்டினேன்.

கறைகளை நானே எடுத்தேன். வெள்ளைப் பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, உள்தையலில் ஒரு ஓரத்தில் நிறம் இறங்குகிறதா என்று முதலில் பார்த்தேன். பிறகு கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை. நடுவிலிருந்து வெளியே போனால் கறை வட்டம் பெரிதாகும், தேய்த்தால் கம்பளி திரண்டு முடிச்சுப் போடும். ஜூஸ் கறை நான்காவது துணியில் மங்கி, ஆறாவதில் போனது. அக்குள் உப்பு வளையத்துக்கு, நான்கு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வெள்ளை வினிகர். சந்தன மஞ்சளை ஒற்றிவிட்டு அந்த இடத்தை மட்டும் சிறிது நேரம் வெயிலில் காட்டினேன். துணி சோப்பைக் கிட்டவே கொண்டுபோகவில்லை. மஞ்சள் பட்ட வேட்டியில் சோப்பு போட்டால் சிவப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் அதே விஷயம். சோப்பின் காரம் கம்பளிக்கும் ஆகாது. பிளீச்சிங் திரவம் பட்டால் கம்பளி கரைந்தே போகும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிரை கிளீனிங்குக்கு அனுப்பினேன், ஒரே ஒரு முறை. எந்த இடத்தில் பூசணம் இருந்தது, எந்த இடத்தில் ஃபியூசிங் விட்டிருக்கிறது என்று சீட்டெழுதிப் பின் குத்தி அனுப்பினேன். திரும்பி வந்ததும் உறையைக் கழற்றி ஒரு நாள் காற்றில் போட்டேன். கரைப்பான் வாடை போகாத துணியைப் படுக்கை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது.

கொம்பு முளைத்த தோளுக்குள் துண்டைச் சுருட்டித் திணித்து, மேலே ஈரத்துணி போட்டு ஆவி காட்டி, உள்ளங்கையால் தட்டி உட்கார வைத்தேன். கம்பளி ஈரச்சூட்டில் இளகும், ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். அதனால் சுடச்சுட எடுக்காமல் கால் மணி நேரம் அப்படியே விட்டேன். இரண்டு தோளும் பழைய வளைவுக்கு வந்துவிட்டன. இந்த வேலையில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான்.

ஓட்டைகளை, நூல் கோத்து நெய்து அடைக்கும் டார்னிங் வேலை தெரிந்த பெரியவரிடம் கொடுத்தேன். கோட்டின் நூலாலேயே கோக்க வேண்டும், வேறு நூல் வைத்தால் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். நோட்டில் இருந்த துண்டிலிருந்து நூல் உருவிக் கொடுத்தேன். ஏழு வருடம் இருட்டில் இருந்த நூலின் நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கிறது என்று சொல்லி, அவர் பேன்ட்டின் கால் மடிப்பு உள்பக்கத்திலிருந்தே உருவிக்கொண்டார். ஓட்டை இருந்த இடத்தை இப்போது நானே தேடித்தான் காட்ட முடியும். இடுப்பில் உள்ளே விட்டிருந்த துணியில் ஒன்றரை இஞ்ச் பிரித்துக் கொடுத்தேன். பெரியவனுக்கு ஏழு வருடத்தில் அவ்வளவு கூடியிருந்தது.

மீளாதவை இரண்டு. பேன்ட்டின் உட்காரும் பகுதியில் ஆவியும் பிரஷ்ஷும் சேர்ந்து பளபளப்பைப் பாதிக்குமேல் குறைத்தன. லேப்பல் ஓரத்தில் பாலியெஸ்டர் உருகிய கோடு அப்படியே இருக்கிறது. ஃபியூசிங் குமிழ்களை ஈரத்துணி வைத்து, இழுக்காமல், எடுத்து எடுத்து அழுத்தி ஒட்ட வைத்தேன். ஒட்டின. நிற்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்பதை அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டில் இப்போது

நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். பீரோவைத் திறந்து காட்டச் சொன்னேன். பழக்கம் மாறாவிட்டால் செய்த வேலை வீண் என்பதால் போனேன்.

பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். கம்பி ஹேங்கர் போய், தோள் பகுதி நாலு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான மர ஹேங்கர் வந்தது. பிளாஸ்டிக் உறைக்குப் பதில் அவர் கணவரின் பழைய எட்டு முழ வேட்டியை வெட்டி, பை மாதிரி நானே தைத்துக் கொடுத்தேன். தூசு போகாது, காற்று போகும். அதே வேட்டியில் மிச்சமிருந்த ஒரு முழம் இஸ்திரிக்கு. பெட்டிக்கும் கோட்டுக்கும் நடுவில் அது எப்போதும் இருக்க வேண்டும். நனைத்துப் பிழிந்து விரித்து, இரண்டு புள்ளிச் சூட்டில், முன்னும் பின்னும் இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். உண்மையில் அதுவும் அடிக்கடி வேண்டாம். குளிக்க வெந்நீர் பிடிக்கும்போது பாத்ரூம் கதவுக்குப் பின்னால் கால் மணி நேரம் தொங்கவிட்டு, பிறகு மின்விசிறியின் கீழ் ஆறவிட்டால் உட்கார்ந்த சுருக்கம் பெரும்பாலும் போய்விடும்.

போட்டு வந்த இரவு செய்ய வேண்டியதை அவருக்கு இரண்டு தடவை சொன்னேன், ஏனென்றால் அன்றைக்குத்தான் எல்லோரும் களைத்துப்போய் நாற்காலியில் மாட்டிவிட்டுப் படுத்துவிடுகிறோம். பாக்கெட்டில் இருக்கும் செல்போன், சாவி, மொய்க் கவர் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாக்கெட் வாய் தொங்கிவிடும். பட்டனைக் கழற்றி ஹேங்கரில் மாட்டி, மின்விசிறிக் காற்றில் இரவு முழுக்க விட வேண்டும். காலையில் தோளிலிருந்து கீழ்நோக்கி பிரஷ். காலர் உள்பக்கமும் அக்குள் லைனிங்கும் ஈரத்துணியால் ஒரு ஒற்று. மேடையில் மாலை போட்டிருந்தால் தோளையும் லேப்பலையும் அன்றிரவே பார்க்க வேண்டும். மாலையிலிருந்து சொட்டும் தண்ணீரில் பூச்சாயம் இறங்கியிருக்கும், ஜிகினா நூல் இழையைப் பிடித்து இழுத்திருக்கும். இழுத்த இழையைக் கத்தரிக்காமல் ஊசியால் உள்பக்கம் தள்ளினால் போதும். அடுத்த நாளே மறுபடி போடாமல் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் கறை படாதவரை வருடத்துக்கு ஒரு டிரை கிளீனிங் அவர்களுக்கு ஏராளம்.

அந்துருண்டையை எடுத்துவிடச் சொன்னதற்கு வேறு காரணமும் இருந்தது. பெரியவனுக்குப் பத்து மாதக் குழந்தை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலின் ஆவி பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008லேயே நாஃப்தலின் உருண்டையைத் தடை செய்துவிட்டார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டு பீரோவில் அது இருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வசம்பு, காய்ந்த வேப்பிலை வைக்கலாமா என்று கேட்டார். துணிப் பையில் கட்டி, கோட்டில் படாமல் வைக்கலாம். அந்த வாடை பூச்சியைத் தள்ளி நிற்க வைக்குமே தவிர, இருக்கும் முட்டையைக் கொல்லாது. மாதம் ஒரு முறை கோட்டை வெளியே எடுத்து, காலர் அடியையும் பேன்ட் மடிப்பையும் வெளிச்சத்தில் பார்த்து, பிரஷ் போட்டு, பீரோ கதவை அரை நாள் திறந்து வைப்பதற்கு ஈடாக ஒரு மருந்தும் இல்லை. இருட்டும் அமைதியும் கலைந்தால் அந்தப் புழுவுக்கு வாழ்வில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பத்து நாளுக்கு ஒரு முறை.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு என்ன துணி என்றே தெரியாது. ரெடிமேட் கோட்டில் பராமரிப்புக் குறிகள் உள்ள பட்டி தைத்திருப்பார்கள். தையற்கடையில் தைத்ததில் அது இருக்காது. விவரம் அச்சடித்த கரையை வெட்டும்போதே நாங்கள் கழித்துவிடுகிறோம். டெலிவரி எடுக்கும்போது மிச்சத் துணியில் கரையோடு ஒரு முழம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டார்னிங்குக்கு நூலும் அதுதான், கறை மருந்தைச் சோதித்துப் பார்க்கும் இடமும் அதுதான். எதுவுமே கையில் இல்லை என்றால் உள்தையலில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் கரி கிடைத்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணி போல நின்றால் பாலியெஸ்டர். இரண்டும் சேர்ந்து வந்தால் இந்தக் கோட்டைப் போன்ற கலப்பு.

அன்றிலிருந்து நான் தைக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் கரைத்துண்டை உறையில் போட்டுக் கொடுக்கிறேன். வாங்கிப் போகிறவர் மாப்பிள்ளையாக இருந்தாலும், பீரோ சாவி யாரிடம் இருக்கிறதோ அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்கிறேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. மழை விட்டு இரண்டு நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். "மாஸ்டர், இன்னிக்கு நல்ல வெயில் அடிக்குது. கோட்ட மாடியில நிழல்ல மாட்டிட்டேன். காலர் அடியில பாத்தேன், ஒண்ணும் இல்ல. பாக்கெட்டுக்கு மேல மட்டும் ஒரு குமிழ் திரும்ப வந்த மாதிரி தெரியுது."

எவ்வளவு பெரிதாக என்று கேட்டேன். மிளகு அளவு என்றார். நானே வந்து பார்க்கும் வரை இஸ்திரி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அளவு நோட்டில் 2017 பக்கத்தைத் திறந்து தேதி போட்டு எழுதி வைத்தேன்.